256-வது லெவல்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ஆர்கேட் விளையாட்டுகளின் முடிவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பல வருடமாக என் மனதை விட்டு நகராத விஷயம் இது.

உண்மையில் அந்த விளையாட்டுகள் பலவற்றுக்கு முடிவு என்று ஒன்றை யாரும் வைக்கவே இல்லை. காசு போட்டு ஆடும் எந்திரம் அது. ஆடுகிறவர் தோற்றால்தான் அடுத்த காசு விழும். ஆட்டம் போய்க்கொண்டே இருக்கும், ஆள்தான் விழ வேண்டும். ஆனால் சிலர் விழவில்லை.

பாக்மேனையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி வடிவமைத்து 1980-இல் வெளிவந்தது. மஞ்சள் வட்டம் ஒன்று புள்ளிகளைத் தின்றபடி ஓடும், நான்கு பேய்கள் துரத்தும். லெவலுக்கு 244 புள்ளிகள். 21-வது லெவலுக்குப் பிறகு எல்லாம் ஒரே மாதிரிதான். பேய்களின் ஓட்டத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. நீங்கள் அதே இடத்தில் அதே பக்கம் திரும்பினால் அவையும் அதே வழியில் வரும். அந்த வழியை மனப்பாடம் செய்தவர்கள் மணிக்கணக்கில் ஆடினார்கள்.

255 லெவல் வரை சிக்கல் இல்லை. 256-இல் திரையின் இடப்பாதி வழக்கம்போல இருக்கும். வலப்பாதி முழுக்க எழுத்தும் எண்ணும் பழத்துண்டுகளுமாகச் சிதறிக் கிடக்கும். சுவர் எது, வழி எது என்று கண்ணுக்குத் தெரியாது.

ஏன் அப்படி? பழைய மொபெட்டில் ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்பெட்டி 99,999-க்கு அப்புறம் எல்லாம் பூஜ்யமாகும் இல்லையா? பாக்மேன் லெவலை எண்ணும் இடத்தில் 255-தான் உச்சம். அடுத்தது பூஜ்யம். திரையின் கீழே லெவலுக்கு ஏற்பப் பழங்களை வரையும் வேலை ஒன்று உண்டு. ஒரு பழம் வரையும், எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்கும், பூஜ்யமா என்று பார்க்கும். பூஜ்யத்திலிருந்தே ஒன்றைக் கழித்தால்? 255 ஆகிவிடும். ஆக 256 பழங்களை வரைந்துகொண்டே போய்ப் பாதித் திரையை அழித்துவிடும்.

இன்னொரு நுணுக்கம். அந்தச் சிதைவுக்குள்ளும் ஒன்பது புள்ளிகள் ஒளிந்திருக்கின்றன. ஆடியவர்கள் தடவித் தடவிக் கண்டுபிடித்தார்கள். ஓர் உயிர் போனால் அந்த ஒன்பதும் மறுபடி முளைக்கும். அதனால் முழு மதிப்பெண் வேண்டுபவர் ஓர் உயிரையும் இழக்காமல் அங்கே வந்து சேர வேண்டும். ஆனாலும் 244 புள்ளிகள் கிடைக்காது, லெவல் முடியாது. மறுபடியும் சொல்கிறேன், முடியவே முடியாது.

அதனால்தான் 1982 டிசம்பர் சம்பவம் எனக்கு மறக்காது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் 61,31,940 மதிப்பெண் எடுத்தான் என்று அமெரிக்க அதிபர் ரீகனிடமிருந்தே பாராட்டுக் கடிதம் வந்தது. 256-ஐத் தாண்டாமல் அந்த எண் வராது. அயோவா மாநிலத்தின் ஒட்டும்வா ஊரில் டுவின் கேலக்சீஸ் என்ற ஆர்கேட் கூடம் நடத்தி, சாதனைகளைக் குறித்து வைத்தவர் வால்டர் டே. 1983 செப்டம்பரில் ஆட்டக்காரர்களை அழைத்துக்கொண்டு, தாண்டியதாகச் சொன்னவர்களை எல்லாம் தேடிப் போனார். ஒருவராலும் ஆடிக் காட்ட முடியவில்லை. 1999-இல் பில்லி மிட்செல் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 33,33,360 என்ற முழு மதிப்பெண்ணை எடுத்தார். தாண்டுபவருக்கு ஒரு லட்சம் டாலர் என்றும் அறிவித்தார். அந்த வருடம் முடியும்வரை பரிசுக்கு யாரும் வரவில்லை.

கைகாட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். மரியோ ஏணிகளில் மேலே ஏறும் டாங்கி காங் என்ற இன்னொரு ஆர்கேட் விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் நேரத்தைக் கணக்கிட, லெவலைப் பத்தால் பெருக்கி 40 கூட்டுவார்கள். 22-வது லெவலில் 260. அங்கேயும் எண்ணும் இடத்தில் 255-தான் உச்சம், 256 போனால் மீதி நான்கு. சில வினாடிகளில் நேரம் தீர்ந்து, மரியோ மேலே ஏறிச் சேருமுன்பே உயிர் போய்விடும். கேலகா என்ற விளையாட்டைப் பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன். வணக்கம்.