வேடியப்பன் புத்தகத்தை யார் விற்பார்கள்?

[காட்சி: தருமபுரி பக்கம் ஒரு வயல் வரப்பு. வில்லோடு நிற்கும் வீரனின் நடுகல். கல்லுக்கு மஞ்சள், குங்குமம்.]

மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டு இறந்தவனுக்கு ஊர் நட்ட கல் இது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இப்படிப்பட்ட கற்களை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். இவற்றைத் தேடித்தேடி இருபது வருடம் குறிப்பெடுத்த ஒரு பள்ளி ஆசிரியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆங்கிலத்தில் புத்தகமாக்க நினைக்கிறார். அப்போது அவர் தேட வேண்டியவர் இலக்கிய முகவர், அதாவது லிட்டரரி ஏஜென்ட்: எழுதுகிறவர் சார்பில் பதிப்பகங்களோடு பேசிப் புத்தகத்தை விற்றுத் தருபவர்.

[காட்சி: மேசை மேல் நோட்டுகள்.]

நாவல் என்றால் முழுசாக எழுதிவிட்டுத்தான் முகவரிடம் போக வேண்டும். அபுனைவுக்கு, அதாவது கற்பனையல்லாத எழுத்துக்கு, அப்படியில்லை. பெரும்பாலும் ஒரு முன்மொழிவும் ஓரிரு மாதிரி அத்தியாயங்களும் போதும். புத்தகம் எதைப் பற்றியது, யார் வாங்குவார்கள், இதே விஷயத்தில் ஏற்கெனவே என்ன வந்திருக்கிறது, இதை எழுத நீங்கள் ஏன் சரியான ஆள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

முகவரின் உழைப்பில் நிறைய இங்கேதான் போகிறது. ஆசிரியர் முதல் வரியில், தருமபுரியின் பழைய பெயரைச் சொல்லி, 'தகடூர் மிகத் தொன்மையான பகுதி' என்று எழுதியிருப்பார். நல்ல முகவர் அதை அடித்துவிட்டு, "இந்தக் கல்லுக்குப் பொங்கல் வைக்கிற பாட்டியிலிருந்து ஆரம்பியுங்கள் சார்" என்பார். எனக்கு இந்தத் தொழிலில் ரொம்பப் பிடித்த இடம் இது. எழுதியவருக்கே தெரியாமல் நோட்டுக்குள் கிடக்கும் புத்தகத்தை இன்னொருவர் கண்டெடுத்துத் தருகிறார்.

அப்புறம், பொருத்தமான பதிப்பாசிரியர்களுக்கு அனுப்புவது, முன்பணம் பேசுவது, ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்பது எல்லாம் அவர் வேலை. மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகளை மொத்தமாக அள்ளிக் கொடுத்துவிடாமல் தனித்தனியாகப் பிரித்துப் பேசுவார்.

கூலி? பொதுவாக எழுதியவருக்கு வரும் பணத்தில் 15%, வெளிநாட்டு உரிமைகளுக்கு 20%. மாங்காய் மண்டி கமிஷன் மாதிரிதான், சரக்கு விற்றால்தான் காசு. படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள்.

[காட்சி: திரையில் கணக்கு.]

சரி, தமிழில் எழுதினால்? 300 ரூபாய் புத்தகம், ராயல்டி 10% என்று வையுங்கள். ஆயிரம் பிரதி விற்றால் எழுதியவருக்கு 30,000 ரூபாய். அதில் முகவரின் பங்கு 4,500. மாதக்கணக்கில் உழைப்பவருக்கு இது எப்படிக் கட்டும்? தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பதிப்பகத்தோடு நேரடியாகவே பேச வேண்டியிருப்பதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

அதனால் ஒப்பந்தத்தை நாமே படிக்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு நம் பக்கம் இருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுத்தால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

[காட்சி: பேனா ஒரு வரியில் நிற்கிறது.]

'அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக' என்று ஒரு வரி வந்தால் பேனாவை மூடிவிடுங்கள். 'தமிழில், அச்சுப் பதிப்புக்கு மட்டும், இத்தனை ஆண்டுக்கு' என்று மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாற்றிய தாள் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.