கோயில் அப்பா வழி, மரபணு இரு வழி

நேயர்களுக்கு வணக்கம்.

நம் செட்டிநாட்டில் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் நகரத்தார் வீட்டில் முதலில் கேட்பது, "எந்தக் கோயில்?" ஒன்பது கோயில்களில் ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள்; பொதுவாகப் பெண் கொடுத்து எடுப்பதில்லை. கோயில் அப்பா வழியில் வருவது. அதனால் மாமன் மகள் வேறு கோயில், கட்டலாம். மற்ற பல சமூகங்களிலும் முறை பார்ப்பது ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் நரம்பு மருத்துவராக நான் சொல்ல வேண்டியது, மரபணுவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் எட்டில் ஒரு பங்கு மரபணு பொது.

ஹண்டிங்டன் என்றொரு நோய். பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். விரல்கள் சும்மா இருக்காது, தோள் தானாகத் துள்ளும், நடை தள்ளாடும், கோபம் மூக்குக்கு மேல் வரும். அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் பேதமில்லை. மூத்தவனுக்கு வந்துவிட்டதால் இளையவன் தப்பித்தான் என்று நினைக்க முடியாது.

இதன் மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார்கள். அதில் சி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். 26 தடவை வரை பயமில்லை. 40-ம் அதற்கு மேலும் போனால், ஆயுள் இருந்தால் நோய் வந்தே தீரும். எண்ணிக்கை ஏற ஏற நோய் சின்ன வயதிலேயே வரும். அந்த எண்ணிக்கை அப்பாவிடமிருந்து இறங்கும்போதுதான் எகிறும் வாய்ப்பு அதிகம், விந்தணு உருவாகும்போது தொடர் நீண்டுவிடுகிறது. 20 வயதுக்குள் இந்நோய் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தந்தை வழி வந்தது. 27 முதல் 35 வரை எண்ணிக்கை உள்ள அப்பாவுக்கு நோய் வராது, பிள்ளைக்கு வரலாம்.

ஆனால் பிள்ளைக்குக் கை கால் ஆட ஆரம்பித்தால் வீட்டார் பார்ப்பது யாரை? "அவ வீட்டுச் சீக்கு" என்று மருமகளை. எனக்கு இது தாங்கவே தாங்காது.

பல வருடங்களுக்கு முன் ஓர் ஆச்சி கணவரை அழைத்து வந்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் வம்சத்தை வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவர்களுக்கு உள்ளே கறுப்பு.

"மாமனார்?"

"அவுக பினாங்குக் கடையிலயே காய்ச்சல்ல போயிட்டாக. முப்பத்தஞ்சு வயசு."

அந்தச் சதுரத்தில் கேள்விக்குறிதான் போட முடிந்தது. நோய் காட்டும் வயது வருமுன்னே கடல் தாண்டி இறந்தவர்கள் இந்த ஊர்களில் எத்தனை பேர்!

"மாமனாரோட தம்பி?"

"அவுகளுக்குக் குடி. கை கால் நிக்காது."

கூட வந்த பங்காளிப் பெரியவர் குறுக்கிட்டார்: "சித்தப்பா ஒருநாளும் குடிச்சதில்லையே."

சதுரத்தைக் கறுப்பாக்கினேன்.

ஹண்டிங்டனைக் குணப்படுத்த இன்றுவரை மருந்து இல்லை. அதனால் அறிகுறி இல்லாத சிறுவர்களுக்குப் பரிசோதனை செய்வதில்லை. வளர்ந்தபின் அவர்களே விரும்பிக் கேட்டால் மட்டும், முதலில் உட்கார்ந்து பேசிவிட்டு.

வில்சன் நோயில் நேர்மாறு. உடம்பை விட்டு வெளியேற வேண்டிய செம்பு ஈரலிலும் மூளையிலும் தங்கிவிடும். இதற்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான மரபணுக்கள் சேர வேண்டும். பெற்றவர்கள் இருவரும் நன்றாகவே இருப்பார்கள். சொந்தத்தில் கட்டினால், ஒரே ஐயா, அப்பத்தாவிடமிருந்து அதே பழுது இரண்டு பக்கமும் இறங்கியிருக்க வாய்ப்பு கூடுகிறது. அப்படி அமைந்த தம்பதிக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். பள்ளிக்கூடப் பையனின் கையெழுத்து கோணும், பேச்சு குழறும், எச்சில் வடியும். காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போவார்கள், மாதங்கள் ஓடிவிடும். ஆனால் இதற்கு மருந்து உண்டு. பெனிசிலமைன், துத்தநாக மாத்திரை என்று ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு உறுதியானால் கூடப்பிறந்த அத்தனை பேரையும் உடனே பரிசோதிக்க வேண்டும், தங்கை முகப்பில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாலும் சரி. அறிகுறி வருமுன் மாத்திரை தொடங்கினால் அவளுக்கு அந்த நோய் தலைகாட்டாமலே காப்பாற்றிவிடலாம்.