கடலே இல்லாத ஊர்ல உக்காந்து அலை கரண்ட் பேசலாமா?

வணக்கம் மக்களே. பின்னாடி சத்தம் கேக்குதா? த்ரீ பேஸ் கரண்டு இப்பதான் வந்துச்சு, பெரியப்பா மோட்டார் போட்டுட்டாரு. நிறுத்தச் சொன்னா என்னைத் தொட்டியில தள்ளிடுவாரு. அதனால இந்தச் சத்தத்தோடயே பேசிடறேன்.

பாலக்கோடு பக்கம் எங்க மாந்தோப்புல இருக்கேன். இங்கிருந்து கடலைப் பாக்கணும்னா பஸ்ல அரை நாள் போகணும். அப்புறம் எதுக்கு அலை கரண்ட்? போன மாசம் ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டுற அண்ணன் ஒருத்தர் கேட்டாரு, "தம்பி, இந்தத் தண்ணி மேட்டூர் போய்க் கரண்ட் குடுக்குது. கடல் ராவும் பகலும் ஆடுதே, அதுல ஏன் எடுக்கல?" எனக்கு அப்போ பதில் தெரியல. வீட்டுக்கு வந்து உக்காந்து தேடினேன்.

எடுத்திருக்காங்கண்ணே! திருவனந்தபுரம் பக்கத்துல விழிஞ்ஞம், 1991. ஐஐடி மெட்ராஸ்காரங்க கட்டுன 150 கிலோவாட் நிலையம். எப்படி ஓடுச்சுன்னு இப்ப காட்டறேன். இது 20 லிட்டர் தண்ணி கேன், அடியை அறுத்துட்டேன். தொட்டியில வெச்சு அமுக்கறேன், வாய் மேல இந்த மிட்டாய் பேப்பரைப் பாருங்க... பறக்குது. இப்ப மேல இழுக்கறேன், பேப்பர் வாயில ஒட்டிக்கிச்சு. கேன் அசையாம நின்னு தண்ணி ஏறி இறங்குனாலும் இதேதான். அலை ஏறுனா காத்து வெளிய, இறங்குனா உள்ள. விழிஞ்ஞத்துல கேனுக்குப் பதிலா பெரிய கான்கிரீட் அறை, பேப்பருக்குப் பதிலா டர்பைன்.

காத்து எந்தப் பக்கம் போனாலும் டர்பைன் ஒரே பக்கம்தான் சுத்தணும், இல்லன்னா வேஸ்ட். அதுக்கு பெல்ஃபாஸ்ட்ல ஆலன் வெல்ஸ்னு ஒரு பேராசிரியர் 1970கள் கடைசியில ஒரு இறக்கை கண்டுபிடிச்சாரு. வெல்ஸ் டர்பைன்னே பேரு. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச சங்கதி. நம்ம ஊர்க் காத்தாடிக்கு இந்த வித்தை வராது.

அந்த நிலையத்தைப் பின்னாடி கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்கறதுக்கும் ஓட்டிப் பாத்தாங்க. இப்ப ஓடல. 2022 நவம்பர்ல அதே ஐஐடி, தூத்துக்குடிக் கரையிலருந்து 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்துல சிந்துஜா-1னு ஒரு மிதவை போட்டாங்க. 100 வாட். சிரிக்காதீங்க, ஒரு ஃபேன், ஒரு பல்பு ஓடும். சோதனைக்கு அது போதும்.

சரி, இவ்வளவு வருஷமா ஏன் இழுக்குது? அலை ரெண்டு மடங்கு உயரமானா அதுல இருக்கற சக்தி நாலு மடங்கு ஆகும். சாதாரண நாள்ல 1 மீட்டர் அலையில சம்பாதிக்கிற மெஷின், புயல் அன்னைக்கு 6 மீட்டர் அலை வந்தா 36 மடங்கு அடியைத் தாங்கணும். சம்பாத்தியம் சின்ன அலையில, செலவு பெரிய அலைக்கு. இதுல உப்பு வேற. போர்த்துக்கல்ல 2008ல பாம்பு மாதிரி 3 மெஷின் கடல்ல விட்டாங்க, மொத்தம் 2.25 மெகாவாட். சில மாசத்துலயே கரைக்கு இழுத்துட்டு வந்துட்டாங்க. நம்ம அலையும் சுமார்தான். ஐரோப்பாவோட அட்லாண்டிக் பக்கம் அலையோட ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 30 கிலோவாட்டுக்கு மேல கிடைக்கற இடம் இருக்கு, நமக்கு பெரும்பாலும் 5லருந்து 10. தமிழ்நாட்டுல தெம்பான அலை கன்னியாகுமரிப் பக்கம், அங்கதான் கடல் திறந்து கிடக்கு. மேல பாக் நீரிணைக்குப் போனா இலங்கை மறைச்சுக்குது.

எனக்குப் பிடிச்ச ஊரு ஸ்பெயின்ல முத்ரிகு. துறைமுகத்துக்கு எப்படியும் அலைத்தடுப்புச் சுவர் கட்டணும், அந்தச் சுவருக்குள்ளயே இந்தக் கேன் மாதிரி அறைகளை வெச்சுட்டாங்க. 16 டர்பைன், 296 கிலோவாட், 2011லருந்து. நம்ம கடலோரத்துல தூண்டில் வளைவு, அதான் கரையிலருந்து கடலுக்குள்ள நீட்டற கல்லுச் சுவர், கட்டுங்கன்னு மீனவர்கள் எத்தனை வருஷமா கேக்கறாங்க? எல்லாத்துலயும் டர்பைன் வைக்க முடியாது, சின்னது அதெல்லாம். ஆனா புதுசா மீன்பிடித் துறைமுகம் கட்டறப்ப இந்தக் கணக்கையும் சேத்துப் போட்டுப் பாக்கலாம்ல?

இப்ப கேமராவைத் திருப்பறேன். அந்தக் கோபுரம் தெரியுதா, மாமரத்துக்கு மேல? ஹை டென்ஷன் லைன். ஒருநாள் காலையில பெரியப்பா வந்து பாத்தா தோப்புக்குள்ள குறிக்கல் நட்டிருக்கு. யாரும் ஒரு வார்த்தை கேக்கல. எங்கயோ உக்காந்து வரைபடத்துல கோடு போட்டாச்சு, அந்தக் கோட்டுல எங்க தோப்பு மாட்டிக்கிச்சு. கம்பிக்குக் கீழ தென்னை வைக்கக் கூடாது, போர் போட வண்டி நிறுத்தக் கூடாதுன்னு ஒவ்வொண்ணா அப்புறம்தான் சொன்னாங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரியில இது பல வீட்டுக் கதை.

கடல்லயும் கோடு போடத்தான் போறாங்க. மிதவைக்கு நங்கூரம், அதுலருந்து கரைக்குக் கேபிள், கரையில சப்ஸ்டேஷன். மேல இருந்து பாத்தா வெறும் தண்ணி, யாருக்கும் பட்டா கிடையாது. ஆனா எந்தப் பாரு, அதான் கடலுக்கடியில மீன் சேர்ற பாறைத் திட்டு, எங்க இருக்கு, எந்த மாசம் எங்க வலை விடணும்னு மீனவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு, எங்க தோப்பு வரப்பு மாதிரி. கேபிள் போடற வேலையை ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலத்துல வெச்சுக்கலாமேன்னு நான் பெரிய மேதை மாதிரி யோசிச்சேன். கூடப் படிச்ச தூத்துக்குடிப் பையனுக்குப் போன் போட்டேன். "தடை விசைப்படகுக்குத்தாம்ல, நாட்டுப்படகு அப்பவும் போவும்"னுட்டான். போச்சு என் ஐடியா.

அப்புறம் அவன் ஒண்ணு கேட்டான்: "அந்த மிதவையைச் சுத்தி எவ்வளவு தூரத்துக்கு வலை போடக் கூடாதுன்னு சொல்லுவாங்க?" போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். பெரியப்பா வாய்க்கால்ல மடை மாத்திட்டு இருந்தவரு நிமிந்து, "மொதல்லயே எழுதி வாங்கச் சொல்றா அவனை"ன்னாரு.

...மோட்டார் நின்னுடுச்சு. கரண்டு போயிடுச்சு மக்களே, பாதித் தோப்புக்குத்தான் தண்ணி பாஞ்சிருக்கு. நான் வெச்சுடறேன், இப்ப அவர் பக்கத்துல நிக்கறது நல்லதில்ல.