கரண்ட் திரும்பி வரும்போது

எல்லாருக்கும் வணக்கம். கரண்ட் போனால் என்ன செய்வது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அது பழகிப்போய்விட்டது. நான் பேச நினைப்பது கரண்ட் திரும்பி வருகிற அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி.

போன கோடையில் ஒரு ராத்திரி. மகளுக்கு நல்ல காய்ச்சல். ஒன்றரை மணி நேரமாக நோட்டு அட்டையை வைத்து விசிறிக்கொண்டிருந்தேன். வலது கை ஓய்ந்தால் இடது கை. திடீரென்று விளக்கு எரிந்தது. தெருவே ஹோவென்று கத்தியது. ஃபேன் நாலு சுற்றுச் சுற்றியிருக்கும், டப்பென்று ஒரு சத்தம், மறுபடி இருட்டு. அப்புறம் கரண்ட் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது. டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போட வந்த லைன்மேனிடம் கேட்டேன். "எல்லா வீட்லயும் சுவிட்ச் ஆன்லயே கிடக்குதுங்க. ஒரே நேரத்துல இழுத்தா ஃபியூஸ் எப்படித் தாங்கும்?" என்றார்.

யோசித்துப் பாருங்கள். சாதாரண நாளில் ஒரு வீட்டு ஃபிரிட்ஜ் ஓடும்போது இன்னொரு வீட்டு ஃபிரிட்ஜ் ஓய்ந்திருக்கும். இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் எல்லாமே சூடாகிவிடும். வந்ததும் அத்தனையும் சேர்ந்து ஓடத் தொடங்கும். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். ஏசி, தண்ணீர் மோட்டார், எல்லாம் அந்த நொடியிலேயே. இன்வெர்ட்டரும் அப்போதுதான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றத் தொடங்கும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: அது மிச்சப்படுத்துகிற கருவி இல்லை. வாங்குவதைவிடக் குறைவாகத்தான் திருப்பித் தரும்.

அதனால் கரண்ட் போனதும் ஒரே ஒரு விளக்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற சுவிட்சுகளை அணைத்துவிடுங்கள். அந்த விளக்கு எரிந்ததும் முதலில் ஃபேன். பத்து நிமிடம் கழித்து ஃபிரிட்ஜ். ஏசியும் மோட்டாரும் அதற்கும் அப்புறம்.

சரி, மின்வெட்டே ஏன் வருகிறது? மின்சாரம் தொட்டியில் நிரப்பி வைத்த தண்ணீர் மாதிரி இல்லை. இந்த நொடியில் நாம் எடுப்பதை இந்த நொடியிலேயே எங்கோ உற்பத்தி செய்தாக வேண்டும். பேட்டரியில் சேர்த்து வைப்பதெல்லாம் இன்னும் கொஞ்சம்தான். தேவை உற்பத்தியைத் தாண்டினால், மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்தொடரின் (கிரிட்) அதிர்வெண், அதாவது மின்னோட்டம் ஒரு நொடியில் எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு, இறங்கும். அப்படியே விட்டால் மொத்தத் தொடரும் சரிந்துவிடும் என்பதால் ஒரு பகுதியைத் துண்டிக்கிறார்கள். சூரிய மின்சாரம் அடங்கி, எல்லாரும் வீடு திரும்பி, எல்லா விளக்கும் எரிகிற சாயங்காலத்தில்தான் இந்த இழுபறி அதிகம். அதனால் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறோம் என்பதோடு எப்போது பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட் இழுக்கும். அந்த வேலையைப் பகலுக்குத் தள்ளினாலே உதவிதான். அறுபது வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை ஒன்பது வாட் எல்இடி தந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

மக்கள் நினைத்தால் எவ்வளவு குறைக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்திலுள்ள ஜூனோ நகரத்தைச் சொல்வேன். 2008 ஏப்ரலில் பனிச்சரிவு விழுந்து, நீர்மின் நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் லைன் அறுந்துபோனது. டீசல் ஜெனரேட்டரை ஓட்டினார்கள். கட்டணம் சுமார் ஐந்து மடங்கு ஏறும் என்றார்கள். ஊர் மக்கள் ஆளில்லாத அறையில் விளக்கை அணைத்தார்கள், துணி உலர்த்தும் மெஷினை விட்டுவிட்டுக் கொடியில் காயப்போட்டார்கள். சில வாரத்துக்குள் ஊரின் பயன்பாடு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. லைனைச் சரிசெய்த பிறகும் அது பழைய அளவுக்கு ஏறிவிடவில்லை. கட்டணம் பயமுறுத்தியது உண்மைதான். ஆனால் சுவிட்சை அணைத்த கைகள் அவர்களுடையவை.

நான் பேசத் தொடங்கியதிலிருந்து அந்தக் கடைசி நாலு வரிசையில் ஆளே இல்லை, மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. கதவுப் பக்கம் இருக்கிற தம்பி, அந்த சுவிட்சைக் கொஞ்சம் அணைத்துவிடுங்கள். நன்றி.