தேயிலை நின்ன மண்ணுல கோவா ஏன் வரல?

அடுத்த கேள்வி தலவாக்கலைப் பக்கத்துல இருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்காங்க. "லயத்துக்குப் பின்னாடி தேயிலை பிடுங்கின துண்டு நிலம் இருக்கு. போன வருசம் கோவா (முட்டைக்கோஸ்) விதை போட்டோம், பாதி நாத்து அடியில கழுத்து ஒடிஞ்ச மாதிரி சாஞ்சிருச்சு. மிச்சத்தை நட்டா வளரவே இல்ல, இலையெல்லாம் ஊதா. நடுற அன்னைக்கு டொலமைட்டும் யூரியாவும் கலந்து போட்டோம். இந்த வருசம் என்ன செய்யணும்?"

அக்கா, இது ரெண்டு தனித்தனி வருத்தம். நாத்து சாஞ்சது பூஞ்சணத்தால. நட்டது வளராதது மண்ணுல இருக்கிற புளிப்பால.

முதல்ல மண்ணைச் சொல்றேன், ஏன்னா அதுக்குத்தான் நாள் வேணும். மண்ணோட புளிப்பைப் பிஎச்சுன்னு ஒரு எண்ணால அளப்பாங்க, எண் குறைஞ்சா புளிப்பு கூட. தேயிலைக்குப் பிஎச் 4.5ல இருந்து 5.5 வரைக்கும் போதும். கோவா 6, 6.5 கேக்கும். புளிச்ச மண்ணுல அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியைக் கெடுக்கும், போடுற பொஸ்பரசையும் பிடிச்சு வச்சுக்கும். இலை ஊதாவானது அந்தப் பொஸ்பரஸ் பசியாலதான். பங்களா வாசல்ல ஹைட்ரேஞ்சியா நீலமா பூக்குது பாருங்க, அதுக்கும் இதே அலுமினியம்தான் காரணம்.

டொலமைட் புளிப்பைக் குறைக்கிற கல்லுத்தூள், மெதுவாத்தான் கரையும். நடுற அன்னைக்குப் போட்டா அந்தப் போகத்துக்கு அது உதவாது. யூரியாவோட கலந்தா தழைச்சத்து அமோனியாவா காத்துல போயிரும், ரெண்டு செலவும் வீண். அதனால ஒரே கணக்கு வச்சுக்கங்க: தவறணையில, அதாவது நாத்து வளர்க்கிற மேட்டுல, விதை விழுற அன்னைக்கே நிலத்துல டொலமைட் விழணும். நாத்து வளர அஞ்சு வாரம், டொலமைட் வேலை செய்யவும் ஏறக்குறைய அவ்வளவு நாள். பெப்ரவரி முதல் வாரம் ரெண்டையும் செஞ்சா மார்ச் நடுவுல நடலாம். ஒரு பேர்ச்சுக்கு (ஏறக்குறைய 25 சதுர மீட்டர்) 5 கிலோ தூவி, மண் கிளறுற முள்ளால குத்தி அரை அடி ஆழத்துக்குக் கலந்து விடுங்க. முடிஞ்சா முன்னாடியே கமநல சேவை நிலையத்துல விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு மண்ணைப் பரிசோதிச்சுக்கங்க, அளவு கூடலாம் குறையலாம். நடுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, நல்லா மக்கின எரு பேர்ச்சுக்கு 25 கிலோ. மேடு சரிவுக்குக் குறுக்கதான் வரணும், தண்ணி வடியக் கானும் வெட்டி விடுங்க. இல்லாட்டி ஏப்ரல் மத்தியான மழை மேல்மண்ணை அள்ளிட்டுப் போயிரும்.

இப்ப தவறணை. மேடு மூணடி அகலம், அரை அடி உயரம். சலிச்ச மண்ணும் மக்கின எருவும் சரிபாதி. மேல காஞ்ச மானாப்புல்லைத் தடிப்பாப் பரப்பி, காத்து வீசுற திசைக்கு எதிரா நெருப்பு வைங்க. அப்பதான் மெதுவா எரிஞ்சு சூடு கீழ இறங்கும். ஆறினதும் சாம்பலைத் தள்ளிட்டு, நாலு அங்குலத்துக்கு ஒரு கோடு கீறி, விதையை அரை அங்குலத்துக்கு மேல ஆழம் போகாம ஒண்ணொண்ணாப் போட்டு, வைக்கோலால மூடுங்க. பிடிப்பிடியாத் தூவினாத்தான் நாத்து நெருங்கி, ஈரம் நின்னு, அந்தக் கழுத்தழுகல் வரும். மூடின வைக்கோலை முளை தெரிஞ்ச அன்னைக்கே எடுத்துருங்க. ஒரு நாள் பிந்தினாலும் நாத்து வெளிறி நீண்டுரும். தண்ணி காலையில மட்டும், சாயந்தரம் ஊத்தாதீங்க. வானம் தெளிவா இருக்கிற ராத்திரியில உறைபனி விழும். அன்னைக்கு வளைச்ச குச்சி மேல பொலித்தீன் போடுங்க, இலையில தொடக்கூடாது, விடிஞ்சதும் எடுத்துருங்க.

நாலஞ்சு இலை வந்தா நடலாம். நடுற அன்னைக்கு மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்க. உருண்டை நிக்கணும், பெருவிரலால அழுத்தினா உதிரணும். களிமாதிரி ஒட்டினா ரெண்டு நாள் பொறுங்க, ஈரத்துல மிதிச்ச மண் காஞ்சா கல்லாயிரும்.

கரட்டும் போடணும்னு கடைசியில எழுதியிருக்கீங்க. அதை நாத்து விடாதீங்க, பிடுங்கி நட்டா கிழங்கு கிளை பிரியும். பச்சைச் சாணம் போட்டாலும் அப்படித்தான். மணலோட கலந்து நேரா மேட்டுலயே விதைங்க.

ஒண்ணு முக்கியம். பக்கத்து வீட்டுல மிஞ்சின கோவா நாத்து கிடைச்சாலும் வாங்கி நடாதீங்க. வேர் வீங்குற நோய் நாத்து வேர்ல ஒட்டின மண்ணோட வரும். பகல்ல வாடி ராத்திரி நிமிருற செடியைப் பிடுங்கிப் பாத்தா, வேர் இஞ்சி மாதிரி முண்டு முண்டா இருக்கும். ஒருதரம் நிலத்துக்குள்ள வந்துட்டா பல வருசம் போகாது.