வெக்கையிலும் தடிமன் ஏன்?

[காட்சி: டச்பே கடற்கரை, நண்பகல். மணலை வாரும் காற்று.]

குரல்: திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கிறது. வெளியே நிற்க முடியாத வெக்கை. வீட்டுக்குள்ளோ பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது. "ஐஸ்கிரீம் தின்றதால் வந்தது" என்பார் அம்மம்மா. "கடலில் குளித்ததால்" என்பார் பக்கத்து வீட்டு மாமி. இரண்டுமே இல்லை. தடிமனைத் தருவது வைரஸ். தடிமனை அதிகம் தரும் ரைனோவைரஸில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அதனால்தான் ஒருமுறை வந்தவருக்கே திரும்பவும் வருகிறது.

[காட்சி: மூக்கின் உட்புறம், வரைபடம்.]

கச்சான் வறண்ட காற்று. மூக்குக்குள் இருக்கும் ஈரப்படலம்தான் கிருமியைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. அது உலர்ந்தால் காவல் தளர்ந்துவிடும். வெயிலுக்குப் பயந்து யன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறோம். கொழும்புக்கு ஏசி பஸ்ஸில் போனாலும் அதே கதை. ஒருவர் தும்மினால் போதும்.

[காட்சி: அடுப்பில் மல்லி அவிகிறது.]

சரி, என்ன செய்வது? பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகவே மாறிவிடும். அன்டிபயோட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது, தயவுசெய்து கேட்டு வாங்காதீர்கள். மல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர் கிருமியைக் கொல்லாது. ஆனால் தொண்டைக்கு இதம், வியர்வையில் போன நீரையும் ஈடுசெய்யும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு வேது பிடிக்கவும் வேண்டாம், கொதிநீர் சரிந்தால் உடம்பு வெந்துவிடும். மூக்கடைப்புக்கு மருந்தகத்தில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டே போதும்.

[காட்சி: வெப்பமானி. பின்னணி இசை நிற்கிறது.]

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு உளைவு, ஆனால் மூக்கு அவ்வளவாக ஒழுகவில்லை என்றால், அதைத் தடிமன் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். டெங்குவாக இருக்கலாம். பரசிட்டமோல் மட்டும், வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் கொடுங்கள். அஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்ளோபெனக் கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள்.

இன்னொன்று. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். "காய்ச்சல் விட்டுட்டுது" என்று நிம்மதியாக இருக்கும்போதே பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால், விடாமல் சத்தி எடுத்தால், சிறுநீர் குறைந்தால், முரசில் இரத்தம் கசிந்தால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.