பூட்டின் ரகசியத்தை ஊருக்கே சொல்லலாமா?

அடுத்து ஒரு நேயரின் கேள்வி. "ஐயா, எந்தப் பூட்டில் எங்கே பலவீனம் என்று காணொளியில் விளக்குகிறீர்கள். திருடனும் பார்ப்பானே? அடையாள அட்டை கேட்டு, தொழில்காரர்களுக்கு மட்டும் காட்டினால் என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். ஆனால் புதுக் கேள்வி இல்லை. 1851இல் லண்டனில் பெரிய கண்காட்சி நடந்தபோது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் அங்கே போனார். அப்போது சப் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் லீவர் பூட்டுக்குப் பெரிய பெயர். யாராவது கம்பி விட்டு நெம்பினால் உள்ளே ஒரு லீவர், அதாவது சாவி தூக்கிவிடும் தகடு, மாட்டிக்கொள்ளும். சொந்தக்காரர் சாவி போடும்போது விஷயம் தெரிந்துவிடும். ஹாப்ஸ் அந்தக் காட்டிக்கொடுக்கும் அமைப்பையே தனக்குத் துப்பாக வைத்துக்கொண்டு 25 நிமிடத்தில் திறந்துவிட்டார். அப்புறம், திறப்பவருக்கு 200 கினி (பழைய பிரிட்டிஷ் பொற்காசு) பரிசு என்று 1790 முதல் கடை ஜன்னலில் சவாலாக இருந்த பிராமா பூட்டு. 16 நாட்களில் சுமார் 51 மணி நேரம் உட்கார்ந்து அதையும் திறந்தார். இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று அப்போதே பெரிய வாதம் நடந்தது. திருடர்களுக்கு அவர்கள் தொழில் நன்றாகவே தெரியும், நாம் புதிதாகக் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை என்பதுதான் ஹாப்ஸ் தரப்பின் பதில்.

எனக்கும் பெரும்பாலும் அதே கருத்துதான். மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சைக்கிள் பூட்டு ஒன்றைச் சொல்கிறேன். கிரிப்டோனைட் நிறுவனத்தின் வட்டச் சாவி போட்ட பூட்டு. அந்த வகைப் பூட்டைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் குழாயை வைத்துத் திறக்கலாம் என்று 1992லேயே ஒரு பிரிட்டிஷ் சைக்கிள் பத்திரிகை எழுதிவிட்டது. படித்தவர்கள் கொஞ்சம் பேர், விஷயம் அமுங்கிப்போனது. 2004இல் ஒருவர் அதைக் காணொளியாகப் போட்டதும்தான் நிறுவனம் அசைந்தது. பழைய பூட்டுகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. நடுவில் பன்னிரண்டு வருடம். அத்தனை வருடமும் ஜனங்கள் காசு கொடுத்து அந்த வகைப் பூட்டை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதற்காக அந்தக் காணொளியால் யாருக்கும் நஷ்டம் வந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். செய்தி போய்ச் சேராதவர் அன்று மாலையும் அதே பூட்டைத்தான் போட்டிருப்பார். அதனால் புதிதாக ஒரு குறை கண்ணில் பட்டால் முதலில் தயாரிப்பாளருக்கு எழுதி, திருத்துவதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுப்பது நல்லது. அவர்கள் வாயே திறக்கவில்லை என்றால் வெளியே சொல்லிவிடலாம்.

2003இல் மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு கட்டடத்தில் எல்லா அறைக்கும் பொதுவாக மாஸ்டர் சாவி இருந்தால், ஓர் அறையின் சாதாரண சாவியும் அந்தப் பூட்டும் கைவசம் உள்ளவர் மாஸ்டர் சாவியையே கண்டுபிடித்துவிடலாம் என்று அதில் காட்டினார். பூட்டுத் தொழிலில் பலருக்குக் கடும் கோபம். "இது எங்களுக்கு முன்பே தெரியும், நீ ஏன் வெளியே சொன்னாய்?" என்றார்கள். முன்பே தெரியுமாம்! அந்த ஏற்பாட்டுக்குப் பணம் கட்டிய கட்டடக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா?

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் போட்டுவிடலாமா? கூடாது. ஒரு வகைப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது பொது அறிவு. இன்னாருடைய பூட்டுக்கு இன்ன சாவி என்பது அவருடைய சொத்து. சாவியின் எண், பல் வெட்டிய ஆழம், ஒரு கட்டடத்தின் மாஸ்டர் சாவிப் பட்டியல், குறிப்பிட்ட மாடல் இரும்புப் பெட்டியில் எந்த இடத்தில் துளை போட வேண்டும் என்ற விவரம், இவற்றுக்குத்தான் அடையாள அட்டை கேட்கும் கதவு தேவை. பயணப் பெட்டிகளைச் சோதிக்க அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புத் துறை வைத்திருக்கும் பொதுச் சாவிகளின் படம் 2014இல் ஒரு செய்தித்தாளில் வந்துவிட்டது. மறு வருடமே அதைப் பார்த்து முப்பரிமாண அச்சில் சாவி செய்யும் கோப்புகள் இணையத்தில் சுற்ற ஆரம்பித்தன. புது வீட்டுச் சாவியைப் படம் எடுத்துப் போடுகிறவர்களும் கவனியுங்கள். சுமார் 60 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்தை வைத்தே சாவியின் பல் அளவைக் கணக்கிடலாம் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் 2008இல் செய்து காட்டினார்கள்.

அடிப்படைப் பாடத்துக்கும் அட்டை கேட்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. புதிதாகத் தொழில் கற்க வருகிறவரிடம் அட்டை இருக்காது. தொழிலில் இருந்துகொண்டே திருட நினைப்பவரிடம் இருக்கும். இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், "பாதுகாப்புக்காக ரகசியம்" என்று சொல்பவர்களில் சிலர் பாதுகாப்பது தங்கள் வருமானத்தை. அது தவறு என்று சொல்லவில்லை, அதை அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம்.

"சாவி தொலைந்துவிட்டது, எப்படித் திறப்பது?" என்று கதவின் படத்தை எனக்கு அனுப்புகிறவர்களுக்கு நான் வழி சொல்வதில்லை. நேரில் வரும் பூட்டுக்காரர் நீங்கள் அந்த வீட்டுக்காரர்தானா என்று விசாரிக்க முடியும், எனக்கு அந்த வசதி இல்லை. அருகில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். சரி, அடுத்த கேள்வியைப் பார்ப்போம்.